சின்ன மாமி யார், சுராங்கனிக்கு என்ன கொண்டுவந்தார்கள்? எங்கள் பொப் பாட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அப்பா வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகளில் தப்பியவை அதற்குள் இருக்கின்றன. ஊரில் கலியாண வீடு, பழைய மாணவர் ஒன்றுகூடல், வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து நிற்கும் வீடு என்று எங்கே பாட்டுப் போட வேண்டி வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். பாட்டு முடிந்ததும் கேள்விகள் தொடங்கும். இளம் பிள்ளைகள் கேட்பார்கள், அவர்களின் தாய்தகப்பனும் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பொப் பாட்டு என்றால் எவை? சினிமாப் பாட்டும் அதில் சேருமா?

சேராது. யாழ்ப்பாணத்தில் வயதானவர்கள் ‘பொப்’ என்று சொன்னால் 1960களின் பிற்பாதியிலும் 1970களிலும் இலங்கைத் தமிழர்கள் தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்து, கிற்றாரோடு மேடையில் பாடிய பாட்டுகளைத்தான் சொல்கிறார்கள். ‘பொப்பிசை’ என்றும் ‘துள்ளிசை’ என்றும் எழுதுவார்கள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, எம். பி. பரமேஷ் ஆகிய பெயர்கள் உடனே வரும். சினிமாவில் ஒரு காட்சிக்காக, ஒரு நடிகருக்காகப் பாட்டு எழுதப்படும். இவற்றுக்குக் கதையும் இல்லை, கதாநாயகனும் இல்லை. பாடுகிறவர் தன் வாயால் தன் ஊர்க்கதையைச் சொல்கிறார், அவ்வளவுதான். எனக்கு இவற்றில் பிடித்ததே அதுதான்.

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? நம்முடைய பறையும் தவிலும் போல இல்லையே?

அது பைலாத் தாளம். ‘பைலார்’ என்றால் போர்த்துக்கேய மொழியில் ஆடுவது. போர்த்துக்கேயரும், அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கப்பிரிகளும் இலங்கைக் கரையோரங்களில் விட்டுப்போன ஆட்டப்பாட்டுகளில் இருந்து அது வளர்ந்தது. கஃப்ரிஞ்ஞா என்ற பழைய ஆட்டத்தை ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர்கள் இன்றும் ஆடுகிறார்கள். 1940களில் வொலி பஸ்ரியன் என்ற பொலிஸ்காரர் சிங்களத்தில் பைலாப் பாட்டுகள் கட்டிப் பாடி அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார். 1960களில் மூன்ஸ்ரோன்ஸ் போன்ற கிற்றார்க் குழுக்கள் கிளம்பின. தமிழ்ப் பொடியன்கள் பைலாவையும் கிற்றாரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619 இல். அவர்கள் இங்கே நாற்பது வருடமளவில்தான் இருந்தார்கள். ஆனால் காலையில் பாண் சாப்பிடுகிறோம், கதிரையில் இருக்கிறோம், சப்பாத்துப் போடுகிறோம், அலுமாரியைப் பூட்டுகிறோம், யன்னலைச் சாத்துகிறோம். எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். ஆகவே பைலாவை அந்நியத் தாளம் என்று யாராவது சொன்னால் நான் அவருக்கு முதலில் ஒரு கதிரை போட்டுக் கொடுப்பேன்.

தாளத்தைக் கையில் பிடிக்க விரும்பினால் ஒன்று முதல் ஆறு வரை விடாமல் எண்ணுங்கள். ஒன்றிலும் நாலிலும் அழுத்திக் கை தட்டுங்கள். சங்கீதம் படித்தவர்கள் அதைத் திஸ்ர நடையாகக் கேட்பார்கள். கொஞ்சம் வேகமாகத் தட்டினால் தோள் தானாக அசையும்.

‘சின்ன மாமியே’ பாட்டில் வருகிற மாமி யார்? ஐயர் வீட்டு மாமியா?

தமிழ்நாட்டு நண்பர்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள். சென்னையில் ‘மாமி’ என்றதும் மடிசாரும் ஃபில்டர் காப்பியும் நினைவுக்கு வருவது இயல்பு. யாழ்ப்பாணத்தில் மாமி வேறு ஆள். அப்பாவின் சகோதரி மாமி. அம்மாவின் சகோதரனுக்கு வாழ்க்கைப்பட்டவரும் மாமி. அப்பாவுக்கு இரண்டு தங்கச்சிகள் என்றால் மூத்தவர் பெரிய மாமி, இளையவர் சின்ன மாமி. சின்ன மாமியின் மகள் உங்களுக்கு மச்சாள். மச்சாளைக் கட்டுவது முறை. அதனால் மருமகன் முற்றத்தில் வந்து நின்று ‘உங்கட மகள் எங்கே’ என்று கேட்கும்போது, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு உரிமை நிற்கிறது. மாமிக்கும் அது தெரியும்.

பாட்டு முழுக்க அந்த முற்றத்துப் பேச்சுத்தான். மருமகன் கேட்கிறான், மாமி பதில் சொல்கிறார். மகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்கிறார். மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. இந்த இடத்தில் பாட்டு உருவான காலத்தையும் யோசிக்க வேண்டும். 1960களில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் மும்முரமாக இருந்தன. படித்த மச்சாள், முறை இருக்கிறது என்பதற்காக மட்டும் மச்சானைக் கட்ட வேண்டுமா என்ற கேள்வி எத்தனையோ வீடுகளில் எழுந்தது. எங்கள் வீட்டிலும் எழுந்தது. என் பெரிய அத்தை ஒருவர், நாங்கள் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவோம், ஆசிரியப் பயிற்சிக்குப் போய் முறை மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னவர். அந்தப் பாட்டு வானொலியில் வந்தால் சமையலறையிலிருந்து சிரித்தபடி எட்டிப் பார்ப்பார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அம்மாவும் ஒன்றும் கேட்க மாட்டா.

பாட்டில் வருகிற சொற்களும் அப்படியே வீட்டுச் சொற்கள். மாமி, மருமகன், பள்ளிக்கூடம் எல்லாம் வாசலில் வைத்துப் பேசுகிறவை. நிலவும் தென்றலும் இல்லாமல் தமிழில் ஒரு காதல் பாட்டு வருவது அப்போது பெரிய புதுமை.

அதைப் பாடியவர் யார்?

நித்தி கனகரத்தினம். உரும்பிராய்க்காரர், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். ஈழத்துப் பொப்பிசையின் முன்னோடி என்று அவரைச் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவில் குடியேறினார்.

‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ குடிக்கச் சொல்கிற பாட்டா, குடிக்க வேண்டாம் என்கிற பாட்டா?

வேண்டாம் என்கிற பாட்டு. இதுவும் நித்தி கனகரத்தினத்தின் பாட்டுத்தான். காலைப் பிடித்துக் கெஞ்சுகிற பாட்டு. மெட்டு துள்ளுவதால் பலர் சொற்களைக் கவனிப்பதில்லை. கலியாண வீட்டில் கையில் கிளாஸோடு சேர்ந்து பாடுகிறவர்களைப் பார்த்து ஒரு பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டது. நல்ல கேள்வி.

இங்கே ‘கள்ளுக்கடை’ என்பது எழுத்துத் தமிழ். ஊரில் அதற்குத் ‘தவறணை’ என்றுதான் பெயர். அந்தச் சொல்லும் ஐரோப்பியர் தந்ததுதான். யாழ்ப்பாணத்துக் கள்ளு பெரும்பாலும் பனங்கள்ளு. பாளையைச் சீவிக் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது கருப்பநீர். அது இனிப்பு, பிள்ளைகளும் குடிக்கலாம், காய்ச்சினால் பனங்கட்டி வரும். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே நீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரு விரல் சுண்ணாம்பில்தான் வித்தியாசம். தவறணையில் கள்ளைப் பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் வார்த்துக் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். கீழே வைத்தால் கவிழ்ந்துவிடும், ஆகவே வார்த்ததைக் குடித்து முடிக்கத்தான் வேண்டும்.

எங்கள் அப்பப்பா தோட்டம் செய்தவர். பின்னேரம் வெங்காயம் விற்ற காசோடு திரும்புகிற வழியில் தவறணை இருந்தது. அப்பம்மா படலையடியில் நிற்பா. காசு எவ்வளவு மிஞ்சி வருகிறது என்பதை அப்பப்பாவின் நடையைப் பார்த்தே சொல்லிவிடுவா என்று அப்பா சொல்வார். இந்தப் பாட்டு வானொலியில் வந்த புதிதில் அப்பம்மா அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாவாம். சுளகை மடியில் வைத்துவிட்டு, பாட்டு முடியும் வரை அசையாமல் இருந்து கேட்டாவாம். பிறகு, ‘இந்தப் பொடியன்ர வீட்டிலயும் ஆரோ குடிக்கினம் போல’ என்று மட்டும் சொன்னாவாம். இத்தனை வருடமாக இந்தப் பாட்டைப் பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். அப்பம்மாவைப் போல ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

அதனால் மேடையில் இந்தப் பாட்டைப் படிக்கிற தம்பிமாரிடம் நான் ஒன்று மட்டும் கேட்பேன். கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். கெஞ்சுகிற குரல் வெளியே கேட்கட்டும்.

‘சுராங்கனி’க்கு என்ன பொருள்? பாதிச் சொற்கள் விளங்கவில்லையே?

விளங்காத பாதி சிங்களம். ‘சுராங்கனி’ ஒரு பெண்ணின் பெயர். ‘மாலு’ என்றால் மீன். ‘கெனாவா’ என்றால் கொண்டுவந்தேன், கொண்டுவந்தார்கள். பெயரோடு ஒட்டி வருகிற ‘ட்ட’ என்ற ஒலி நம்முடைய ‘-க்கு’. ஆக, சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்தாயிற்று. மீன்காரர் பாட்டு.

அடுத்து வருகிற ‘டாங் டாங்’ போன்ற சத்தத்தைப் பலர் மணி அடிப்பது என்று நினைக்கிறார்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். அது ‘தன்’ என்ற சிங்களச் சொல், ‘இப்ப’ என்று பொருள். ‘தன் கெனாபு மாலு’ என்றால் ‘இப்ப கொண்டுவந்த மீன்’. ‘கெனாவா’ வினைமுற்று, ‘கெனாபு’ பெயரெச்சம். ‘கொண்டுவந்தான்’, ‘கொண்டுவந்த’ என்று நாம் சொல்வதைப் போலவே அங்கேயும் இருக்கிறது. வவுனியாவில் வேலை செய்தபோது ஒரு சிங்கள நண்பர் பஸ்ஸுக்குள் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்லித் தந்தார். இருபத்தைந்து வருடமாகப் பாடிய பாட்டு அன்றைக்குத்தான் எனக்குள் திறந்தது. எங்கள் ஒழுங்கைக்கு ஒவ்வொரு நாளும் சைக்கிளில் பெட்டி கட்டி, கோர்ன் அடித்துக்கொண்டு மீன்காரர் வருவார். ‘இப்ப வந்த மீன், அக்கா, இப்ப வந்த மீன்’ என்பார். கொழும்பிலும் காலியிலும் அதே சொல்லைச் சிங்களத்தில் கூவியிருக்கிறார்கள். கடற்கரை வேறு, மொழி வேறு. மீன் மட்டும் எப்போதும் இப்பதான் வந்திருக்கும்.

தமிழ்நாட்டில் பலர் ‘சுராங்கனிக்கா மாலு கண்ணாவா’ என்று பாடுகிறார்கள். காதால் கேட்டுப் பாடிய பாட்டு அப்படித்தான் உருமாறும். அதைப் பிழை என்று சொல்லித் திருத்த எனக்கு மனம் வரவில்லை. பொருள் தெரிந்துகொண்டு பாடினால் சந்தோஷம்.

அது இளையராஜா பாட்டுத்தானே?

இல்லை. இலங்கையில் ஏ. ஈ. மனோகரன் பாடிப் பிரபலமான பிறகு, 1977 இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதை எடுத்துக் கையாண்டார். படத்தில் மலேசியா வாசுதேவனின் குரல் கேட்கும். படத்தில் கேட்டவர்களுக்கு அது சினிமாப் பாட்டு, அதில் தப்பில்லை. அதற்கு முன்பே அது இங்கே மேடைகளில் ஆடிக்கொண்டிருந்த பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மனோகரன் பாடும்போது முன்னால் கூட்டம் நிற்பது தெரியும்.

மனோகரன் நடிகரா, பாடகரா?

இரண்டும். ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்று கொண்டாடப்பட்டவர். தமிழ்நாட்டில் ‘சிலோன் மனோகர்’ என்று தெரியும், அங்கே படங்களிலும் நடித்தார். இங்கே செங்கை ஆழியானின் நாவலை வைத்து 1978 இல் எடுத்த ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்தார். 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் ஒரே பாட்டுப் போனது. ஒருவரும் பேசி வைத்துக்கொண்டு போடவில்லை.

எல்லாமே துள்ளல் பாட்டுத்தானா? மெதுவான பாட்டு இல்லையா?

இருக்கிறது. எம். பி. பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’ கேளுங்கள். திருகோணமலைக்காரர். தம்பி கோணேஷோடு சேர்ந்து பரமேஷ்-கோணேஷ் என்ற பெயரில் மேடை ஏறியவர். உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன், அது உனக்குத் தெரியுமா என்பதுதான் பாட்டு முழுக்க. இரவு பத்து மணிக்குப் பிறகு போட வேண்டிய பாட்டு. வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற ஐம்பது வயதுக்காரர்கள் இதற்குத்தான் எழும்பி வெளியே போய் நிற்பார்கள்.

இலங்கை வானொலியின் மெல்லிசைப் பாட்டுகள் இன்னொரு பெரிய உலகம். எஸ். கே. பரராஜசிங்கத்தின் குரலைக் கேட்டிராதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சங்கீத ஊரான யாழ்ப்பாணத்தில் பெரியவர்கள் இதை விட்டார்களா?

லேசில் விடவில்லை. அந்தக் காலத்தில் அளவெட்டியிலிருந்து தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் தவில் ஊரையே கட்டிப்போட்டது. கோயில் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரக் கச்சேரி கேட்டு, எந்த இடத்தில் தீர்மானம் தவறியது என்று அடுத்த நாள் தேத்தண்ணீர்க் கடையில் விவாதிக்கிற ஊர் இது. அங்கே மூன்று கோட்ஸ் (chords) தெரிந்த ஒரு பொடியன் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘இதென்ன பாட்டு’ என்றுதான்.

ஆனாலும் திருவிழாக்களில் இசைக்குழுக்களுக்கு இடம் கிடைத்தது. கண்ணன் கோஷ்டி போன்ற குழுக்கள் யாழ்ப்பாணத்து மேடைகளில் பெரும் கூட்டம் சேர்த்தன. முதலில் நாதஸ்வரம், சாமி உள்ளே போனதும் இசைக்குழு என்று ஒரு ஒழுங்கு வந்தது. அப்பா சொல்வார், முன்வரிசையில் சால்வையோடு இருந்த பெரியவர்கள் இசைக்குழு தொடங்கியதும் எழும்பிப் போவார்களாம். போகிறவர்கள் வீட்டுக்குப் போவதில்லையாம், தேர்முட்டிக்குப் பின்னால் இருட்டில் நின்று கேட்பார்களாம்.

இவ்வளவு வேகமாக எப்படிப் பரவின?

இலங்கை வானொலிதான் காரணம். தமிழ் வர்த்தக சேவை தமிழ்நாட்டிலும் தெளிவாகக் கேட்டது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறகு நேயர் விருப்பம். தபாலட்டையில் பாட்டைக் கேட்டு எழுதுவார்கள். பாட்டுக்கு முன்னால் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். கே. எஸ். ராஜாவோ ராஜேஸ்வரி சண்முகமோ பி. எச். அப்துல் ஹமீதோ உங்கள் ஊரின் பெயரைச் சொன்னால் அன்றைக்கு ஊரே பேசும். அந்த அறிவிப்பாளர்கள் தமிழை உச்சரித்த விதத்துக்காகவே வானொலி கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. வெளியிலிருந்து வருகிற பொருட்கள் குறைந்தன, இந்தியச் சஞ்சிகைகளும் குறைந்தன. அந்த வருடங்களில் உள்ளூரில் எழுதுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் ஒரு தெம்பு இருந்தது என்று அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

பாட்டுகள் ஏன் இவ்வளவு சின்னவை?

சின்ன இசைத்தட்டு நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நாலு நிமிடப் பாட்டுத்தான் வசதியாக அடங்கும்.

சைக்கிள் மிதித்துப் பாட்டுக் கேட்டீர்கள் என்பது உண்மையா?

உண்மை. இதை நம்பாத பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

1990 இல் போர் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றரி கொண்டுவரத் தடை. எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் தம்பி ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றும் ஹான்டிலும் நிலத்தில் இருக்க நிறுத்தினார். பின்சில்லோடு டைனமோவை உரசவிட்டார். டைனமோவிலிருந்து வருவது மாறி மாறி வருகிற மின். அதை நேராக்க நாலு டயோட்டை ஒரு சிறு பலகையில் பற்றவைத்து, அதிலிருந்து இரண்டு வயரைக் கசெற் பிளேயரின் பற்றரிப் பெட்டிக்குள் விட்டார். பிறகு பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிற வேலை என்னுடையது.

ஒரே வேகத்தில் சுற்றினால் பாட்டு ஒழுங்காகப் போகும். கை சோர்ந்தால் மனோகரனின் குரல் தடித்து இழுபடும். திடீரென்று உசாராகிச் சுற்றினால் குரல் மெலிந்து, ஒரு சின்னப் பிள்ளை பாடுவதைப் போலக் கேட்கும். ‘தம்பி, ஒரே மாதிரிச் சுத்தடா, தாளத்தைக் கேட்டுச் சுத்து’ என்று மாமா சொல்வார். அப்படித்தான் நான் பைலாத் தாளத்தைப் படித்தேன். ஆறு எண்ணுவதற்குள் பெடல் ஒரு சுற்று வர வேண்டும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கிரீஸ். முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். யாருக்கும் முகம் தெரியாது, ஜாம் போத்தல் விளக்குத்தான். பாட்டு முடிந்ததும் அடுத்த ஆள் சுற்ற வருவார்.

எழுபதுகளுக்குப் பிறகு ஏன் புதுப் பாட்டுகள் வரவில்லை?

வந்தன, ஆனால் அந்த வேகத்தில் இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு பாடியவர்களும் வாசித்தவர்களும் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். கொழும்பில் தமிழ்ப் பாட்டை ஒலிப்பதிவு செய்து வெளியிடுகிற சூழல் குலைந்தது. இங்கே ஒலிபெருக்கியில் வேறு பாட்டுகள் கேட்கத் தொடங்கின. அந்த வருடங்களில் மச்சாளைப் பற்றித் துள்ளிப் பாட ஊருக்கு மனம் இருக்கவில்லை என்பதும் உண்மை.

எங்கள் பெட்டியின் கதையும் இதற்குள் வருகிறது. 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து நடந்தபோது, அப்பா இசைத்தட்டுகளைப் பொலித்தீனில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்து, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது அந்த அறைக்குக் கூரை இல்லை. பெட்டி இருந்தது. மேலே கிடந்த தட்டுகள் வெயிலில் உருகிச் சோற்றுக் கோப்பை மாதிரி வளைந்திருந்தன. கீழே இருந்தவை தப்பின. வளைந்தவற்றையும் அப்பா எறியவில்லை. ஒன்றில் அம்மா வாசலில் செவ்வரத்தம் பூப் போட்டு வைப்பா.

வீட்டில் பழைய இசைத்தட்டு இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருந்தால் எடுத்துப் புத்தகத்தைப் போல நிமிர்த்தி வையுங்கள். யன்னலோரம் வேண்டாம், நம் ஊர் வெயில் அரை நாளில் வேலையைக் காட்டிவிடும்.

அடுத்தது, தட்டு எந்த வகை என்று பாருங்கள். பாரமாக, கீழே விழுந்தால் உடைகிற மாதிரி இருந்தால் அது 78 சுற்று அரக்குத் தட்டு. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறு, சின்னத் தட்டுக்கு உரிய ஊசியை வைத்தால் இரண்டுமே பழுதாகும். லேசாக வளைகிற தட்டு என்றால் வைனில். அதை நடுவில் உள்ள லேபல் நனையாமல், ஒரு சொட்டுச் சவர்க்காரம் கலந்த தண்ணீரால் மெதுவாக, வரிகள் ஓடுகிற திசையில் கழுவி, நிழலில் நிமிர்த்திக் காயவிடலாம். கணினியில் பதிவு செய்ய விரும்பினால் கழுவிய பிறகு செய்யுங்கள். லேபலையும் உறையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பாட்டு யூரியூப்பில் கிடைத்துவிடும். யார் வயலின் வாசித்தார், யார் எழுதினார் என்பது அந்த உறையில் மட்டும்தான் இருக்கும்.

அம்மம்மாவுக்கு ஒரு பாட்டின் இரண்டு வரிதான் ஞாபகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

தேடுவதற்கு முன்னால் அவர் பாடுவதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். எங்கே கேட்டார், பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். அதுவும் பதிவாகட்டும்.

போன வருடம் இணுவிலில் ஒரு பிள்ளை தன் அம்மம்மாவிடம் என்னைக் கூட்டிப்போனது. வயது எண்பதுக்கு மேல். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி ‘சின்ன மாமியே’ பாடினா. முதல் இரண்டு வரியும் எல்லாருக்கும் தெரிந்தவை. அதற்குப் பிறகு அவர் பாடியவை இசைத்தட்டில் இல்லாத வரிகள். அதே மெட்டு, ஆனால் மாமி வீட்டு வேலி, வேலிக்கு அங்கால ஒரு மாமரம், மாமரத்தடியில் சைக்கிளோடு நிற்கிற ஒரு மச்சான். பேத்தி, ‘அம்மம்மா, இது பாட்டில இல்லையே’ என்றது. ‘எங்கட ஒழுங்கையில இப்பிடித்தான் படிச்சனாங்கள்’ என்றா அவ. பிறகு சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து, ‘அவர்தான் சைக்கிளோட நிண்டவர்’ என்றா.